நோய் இல்லாத பிள்ளைக்கு மாத்திரை எதற்கு?

"புள்ளைக்கு இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்குன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு சார் மாத்திரை?"

முத்தாண்டிக்குப்பத்து டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறவர். அவருடைய அண்ணன் மகன் லாரி ஓட்டுகிறார். மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி என்று தெரிந்து, மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் மற்றவர்களையும் விடாமல் சோதித்திருக்கிறார்கள். லாரிக்காரரின் ஒன்பது வயது மகளுக்கு முன்கைத் தோலில் ஓர் ஊசி. அது தடித்துவிட்டது. வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம் மாத்திரை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"ஊசி போட்ட அன்னைக்கு ஒண்ணுமே இல்ல. மறுநாள் லேசா செவந்துச்சு. அதுக்கு அடுத்த நாள்தான் கெட்டியா தடிச்சுது. உள்ள நோய் இருந்தா உடனே காட்டாதா? ஊசியிலதான் கோளாறுன்னு எங்க அண்ணன் அடம் பிடிக்கிறாரு."

அண்ணன் கவனித்தது சரி; முடிவுதான் தப்பு. அந்த இரண்டு நாள் தாமதத்துக்குள் இந்தக் கதை முழுக்க அடங்கியிருக்கிறது. இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. டிபி கிருமியை வளர்த்து, கொன்று, அதன் புரதங்களை மட்டும் சுத்தப்படுத்தி எடுத்த திரவம் அது. 1882-ல் டிபி கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன ராபர்ட் கோக், 1890-ல் இதன் முதல் வடிவத்தை மருந்து என்றே அறிவித்தார். மருந்தாக அது தேறவில்லை. ஆனால் தோலில் போட்டால் சிலருக்குத் தடிக்கிறது, சிலருக்கு இல்லை என்பதை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாண்டூ என்ற பிரெஞ்சு மருத்துவர் வகுத்த முறையில்தான் இன்றும் போடுகிறார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வந்து, தடிப்பின் அகலத்தை அளந்து பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், இந்த உடம்பு டிபி கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

தேனீ கொட்டினால் அடுத்த நிமிடமே வீங்குகிறதே, இது மட்டும் ஏன் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது? தேனீக் கொட்டுக்கு வீங்க வைக்கும் பொருளெல்லாம் தோலிலேயே தயாராக இருக்கிறது. மாண்டூ ஊசிக்கு எதிர்வினை காட்ட வேண்டியவை டி செல்கள். அவை ரத்தத்திலும் நிணநீர்க் கட்டிகளிலும் சுற்றிக்கொண்டிருப்பவை. அந்தப் புரதத்தை முன்பே பார்த்துப் பழகியவை மட்டும் ஊசி போட்ட இடத்துக்கு வந்து, அடையாளம் கண்டு, வேதிச் செய்தி அனுப்பி, மற்ற செல்களை வரவழைக்க வேண்டும். செல்கள் வந்து குவிவதற்கே ஒன்றிரண்டு நாள் ஆகும். கையில் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படுவது அந்தக் குவியல்தான். உடனே வீங்கியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

டி செல் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்கிறது. அந்தச் சுரப்பிக்கு ஒரு வேலையும் இல்லை என்றுதான் 1960 வரைக்கும் பெரிய மருத்துவர்களே நினைத்திருந்தார்கள். 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் தொற்றுகளைத் தாங்க முடியாமல் நலிந்து போயின. மனித உடம்பின் முக்கிய உறுப்புகள் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரியவந்த வரிசையில் தைமஸ்தான் கடைசி என்று சொல்வார்கள்.

"சரி, இந்த டி செல்லு என்ன, கிருமியைக் கடிச்சுத் தின்னுடுமா?"

தின்னாது. இதை எழுதுகிறவர்களில் பலர் உடம்புக்குள் ஒரு ராணுவத்தையே இறக்கிவிடுகிறார்கள்: தளபதி, சிப்பாய், குண்டு, வெற்றி. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் டிபி விஷயத்தில் அது நம்மைத் திசைதிருப்பிவிடும். ஏனென்றால் டி செல்களில் பெரும்பாலானவை கிருமியைத் தொடுவதே இல்லை. கிருமி எங்கே ஒளிந்திருக்கிறதோ அந்தச் செல்லிடம் பேசுவதுதான் அவற்றின் வேலை.

லாரிக்காரர் வீட்டில் இருமுகிறார். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கின்றன. மகள் மூச்சிழுக்கிறாள். நுரையீரலின் நுனிக் காற்றறைகள் வரை போன கிருமியை அங்கே இருக்கும் விழுங்கும் செல் ஒன்று விழுங்குகிறது. தூசியானாலும் கிருமியானாலும் விழுங்குவதற்கென்றே இருக்கும் செல் அது. விழுங்கிய கிருமி ஒரு சிறிய பைக்குள் கிடக்கும். அமிலமும் செரிமான நொதிகளும் இன்னொரு வகைப் பையில் இருக்கும். அவரிடம் நான் முந்திரியைத்தான் காட்டினேன். கொட்டையின் ஓட்டுக்கு உள்ளேயே கையைப் பொத்தலாக்கும் எண்ணெய் இருக்கிறது. ஆனால் ஓடு உடையாதவரை கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடலாம். அதுபோல அமிலம் அந்தச் செல்லுக்குள்ளேயே இருந்தாலும், இரண்டு பைகளும் ஒன்றோடொன்று கலந்தால்தான் கிருமி மேல் படும். டிபி கிருமியின் சாமர்த்தியம் அந்தக் கலப்பைத் தடுப்பதில் இருக்கிறது. தன்னைச் செரிக்க வேண்டிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து மெல்லப் பெருகுகிறது. சாதாரணக் குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புரதங்களால் செல்லுக்குள் இருக்கும் கிருமியை எட்ட முடியாது. 1960களில் ஜார்ஜ் மெக்கானஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். அதுவும் செல்லுக்குள் ஒளிகிற ரகம். தொற்றிலிருந்து பிழைத்த எலியின் ரத்தத் தெளிவை எடுத்துப் புது எலிக்குக் கொடுத்தால் பாதுகாப்பு வரவில்லை. அதன் வெள்ளணுக்களைக் கொடுத்தால் வந்தது. பிழைத்த எலியின் விழுங்கும் செல்கள் கூடுதல் வலுவோடு கிருமியைக் கொன்றதையும் அவர் பார்த்தார். யாரோ அவற்றை உசுப்பிவிட்டிருக்கிறார்கள்.

உசுப்புவது டி செல். ஆனால் நுரையீரலில் ஒரு கிருமி நுழைந்த செய்தி அதற்குத் தானாகத் தெரியாது. முழுக் கிருமியை டி செல்லால் பார்க்கவே முடியாது. வேறொரு வகைச் செல் கிருமியின் சரக்கை எடுத்துக்கொண்டு நெஞ்சிலிருக்கும் நிணநீர்க் கட்டிக்குப் போய், புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி, தன் மேற்பரப்பில் உள்ள ஒரு தனி மூலக்கூறில் பொருத்திக் காட்ட வேண்டும். ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட துண்டுக்கு மட்டுமே பொருந்தும். லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் பொருத்தமானது கிடைக்கும். கிடைத்ததும் அது பெருகத் தொடங்குகிறது: ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, சில நாட்களில் ஆயிரக்கணக்கில்.

மற்ற தொற்றுகளில் இது ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். டிபியில் கிருமியின் சரக்கு நிணநீர்க் கட்டிக்குப் போய்ச் சேருவதே தாமதம். மனிதர்களுக்கு மாண்டூ ஊசி தடிக்கத் தொடங்கவே தொற்றிலிருந்து இரண்டு முதல் எட்டு வாரம் ஆகிறது. அத்தனை நாளும் கிருமி யாரும் தட்டிக் கேட்காமல் பெருகிக்கொண்டிருக்கும்.

பெருகிய டி செல்களில் சி.டி.4 என்ற வகை நுரையீரலுக்குத் திரும்பி வருகிறது. கிருமியைச் சுமந்திருக்கும் விழுங்கும் செல்லை அடையாளம் கண்டதும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் விழுங்கும் செல் விழித்துக்கொள்கிறது. தடைபட்டுக் கிடந்த இரண்டு பைகளும் கலக்கின்றன. இது புத்தகக் கற்பனை இல்லை. பிறவியிலேயே காமா இன்டர்ஃபெரானை உணர முடியாத குழந்தைகள் உலகில் மிகச் சிலர் இருக்கிறார்கள். 1996-ல்தான் இந்தக் குறையின் மரபணுக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. சாதுவான பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியே அவர்கள் உடம்பில் பரவி உயிருக்கு உலை வைக்கும். ஒரே ஒரு செய்தி கிடைக்காமல் போவதன் விளைவு அது.

சி.டி.8 என்ற இன்னொரு வகை, கிருமி குடியிருக்கும் செல்லைத் துளைத்துக் கொல்லும். செல்லுக்கு வெளியே வளரும் பாக்டீரியா என்றால் டி செல்லின் உத்தி வேறு: சீழ்ப்புண்ணுக்குச் சீழ்ச் செல்களைத் திரட்டி வர ஒரு பிரிவு, தொண்டை அடைப்பான் நஞ்சை முறிக்கும் எதிர்ப்புரதம் தயாராக உதவ ஒரு பிரிவு. அதெல்லாம் தனிக் கதை. டைபாய்டு மட்டும் நம்ம டிபிக்குச் சொந்தம். அதுவும் விழுங்கும் செல்லுக்குள் வாழ்கிற பாக்டீரியா.

"அப்ப அந்தப் புள்ளை உடம்புல கிருமி செத்துருக்குமா, இருக்குமா?"

சிலருக்குச் செத்துவிடும். பலருக்கு, டி செல்களும் விழுங்கும் செல்களும் சுற்றி வளைத்து உருவாக்கும் சிறு உருண்டைக்குள் அடங்கிக் கிடக்கும். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு டிபி தொற்று இருந்தது. இந்த டீக்கடையில் நிற்பவர்களில் மூன்று பேருக்கு ஒருவர். தொற்று இருப்பவர்களில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் நோயாக மாறும். ஆனால் அந்த ஆபத்து வருடா வருடம் ஒரே அளவில் பரவி இருப்பதில்லை. தொற்றிய முதல் இரண்டு வருடத்தில்தான் பெரும்பகுதி. நேற்று வரை வீட்டில் இருமிய அப்பாவிடமிருந்து வாங்கிய பிள்ளை அந்த இரண்டு வருடத்துக்குள் இருக்கிறாள். அடங்கியிருக்கும் கிருமி எண்ணிக்கையில் குறைவு. இப்போதே மருந்து கொடுத்தால் டி செல்லின் பாரம் குறையும். மாத்திரைக்குக் காரணம் அதுதான்.

"பொறந்தப்பவே தோள்ல பி.சி.ஜி. போட்டுருக்கே. தழும்பு கூட இருக்கு சார்."

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். இதற்கான பதிலில் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எழுதப்பட்டது. நமக்குத்தான் அது தெரியாது.

கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டு டிபி கிருமியை 1908 முதல் 13 வருடம், 230 தடவை திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கினார்கள். 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். புதுமைப்பித்தன் காசநோயில் இறந்த 1948-லேயே கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் தொடங்கியது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த ஊசி நன்றாகவே காத்தது. வேறு சில இடங்களில் அவ்வளவாக இல்லை. உண்மை என்ன என்று தீர்த்துவிட, 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சோதனை தொடங்கியது. 2,81,161 பேருக்கு ஊசி. யாருக்கு பி.சி.ஜி., யாருக்கு வெறும் திரவம் என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் எக்ஸ்ரே, சளி. உலகத்தில் அதுவரை இந்த ஊசிக்கு இவ்வளவு பெரிய சோதனை வேறெங்கும் நடந்ததில்லை.

ஏழரை வருட முடிவு 1979-ல் வந்தது. நுரையீரல் டிபியிலிருந்து பாதுகாப்பு: இல்லை. பலர் நம்ப மறுத்தார்கள். சோதனையைத் தொடர்ந்தார்கள். 15 வருட முடிவு 1999-ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு பூஜ்யம்; குழந்தைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களிடம் சுமார் 27 சதவீதம். அரசு திட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த ஊசியைப் பற்றி அரசின் ஆய்வாளர்களே பூஜ்யம் என்று எழுதியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தமிழ் மண்ணில் நடந்த அறிவியல் வேலைகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இது. நம் பாடப்புத்தகங்களில் பால் பொங்குவதற்குக் கிடைக்கிற இடம் கூட இதற்குக் கிடைக்கவில்லை.

ஏன் பூஜ்யம்? இங்கேயும் டி செல்தான். டிபி கிருமிக்கு நிறைய சாதுவான உறவுக்காரர்கள் உண்டு. மண்ணில், குளத்துத் தண்ணீரில், தூசியில் வாழ்பவை. சோதனை நடந்த அதே பகுதியில் மண், தண்ணீர், தூசி மாதிரிகளை எடுத்துச் சென்னை ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து 1994-ல் வெளியிட்டார்கள். வெறுங்காலோடு வளர்கிற நம் பிள்ளைகளின் டி செல்கள் அந்த உறவுக்காரர்களைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கமே ஓரளவு பாதுகாப்பைக் கொடுத்துவிடுவதால் ஊசி மேற்கொண்டு எதையும் சேர்க்கவில்லை என்கிறது ஒரு கட்சி. பழகிய டி செல்கள் ஊசியில் போன கிருமியை அது வளர்வதற்குள்ளேயே கொன்றுவிடுகின்றன என்கிறது இன்னொரு கட்சி. 2002-ல் பிரிட்டன் பிள்ளைகளையும் ஆப்பிரிக்காவின் மலாவி பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் ஊசிக்கு முன்னால் காமா இன்டர்ஃபெரான் குறைவு, ஊசிக்குப் பின் எகிறியது. மலாவியில் முன்னாலேயே அதிகம், ஊசிக்குப் பின் பெரிதாக ஏறவில்லை. செங்கல்பட்டுக் கணக்குக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் நான் பார்த்ததில்லை.

அதற்காகப் பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மூளைக்காய்ச்சலாகவும் உடம்பு முழுக்கப் பரவியும் குழந்தைகளைக் கொல்கிற டிபியை பி.சி.ஜி. நன்றாகவே தடுக்கிறது. மண்ணோடு பழகுவதற்கு முன்னால் போட்டுவிடுவதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது.

மாண்டூ தடிப்பு பி.சி.ஜி.யால் வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் கேட்கவில்லை, அவருடைய அண்ணன் கேட்கக்கூடும். பிறந்தவுடன் போட்ட ஊசியின் தாக்கம் ஒன்பது வயதில் பெரும்பாலும் மங்கியிருக்கும். வீட்டிலேயே நோயாளியும் இருக்கிறார். பி.சி.ஜி. கிருமி சாதுவானபோது இழந்துவிட்ட இரண்டு புரதங்களை மட்டும் வைத்துப் புதிய தோல் பரிசோதனை ஒன்றும் வந்திருக்கிறது. அதில் தடித்தால் பி.சி.ஜி. மேல் பழி போட முடியாது.

டி செல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நேரிலேயே பார்த்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அந்த வைரஸ் அழிப்பது இதே சி.டி.4 செல்களை. வருடக்கணக்கில் அடங்கியிருந்த டிபி கிளம்பியது. 1928-ல் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியம் எய்ட்ஸ் நோயாளிகளால் நிரம்பியது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: சி.டி.4 மிகவும் குறைந்தவர்களின் நுரையீரலில் டிபி வழக்கமான பொத்தல்களை அவ்வளவாகப் போடுவதில்லை. நுரையீரலைக் குடைவதில் டி செல்களின் கோபத்துக்கும் பங்கு இருக்கிறது. பொத்தல் விழுந்தால்தான் கிருமி சளியோடு வெளியே வந்து அடுத்தவருக்குப் போகும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, டி செல்கள் அடையாளம் காணும் புரதத் துண்டுகளை டிபி கிருமி மாற்றிக்கொள்ளாமல் அப்படியே வைத்திருப்பதைக் காட்டியது. மற்ற கிருமிகள் மாட்டிக்கொள்ளாமலிருக்க வேஷம் மாற்றும். இது மாட்டிக்கொள்வதையே விரும்புகிறதோ என்னவோ. டி செல்லைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைத்த தடுப்பூசி ஒன்று 2013-ல் தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் தோற்றதும் இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கிறது.

டீ ஆறிவிட்டிருந்தது. அவருடைய அடுத்த கேள்வி மருத்துவத்தில் மிகப் பழையது. "அண்ணன் மகனைத் தனியா எங்கயாச்சும் வைக்கணுமா? என்ன சாப்பாடு குடுக்கிறது?"

தனியாக வைக்க வேண்டியதில்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் ஓட்டைக் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. தொற்ற வேண்டியது மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு அந்தச் சென்னை ஆய்வும் ஒரு காரணம்.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடு சானடோரியத்தைவிட மோசம். ஆனாலும் மருந்து வேலை செய்தது. அதனால் உணவு முக்கியமில்லை என்று பல காலம் சொல்லி வந்தார்கள். அது மருந்து சாப்பிடுகிற நோயாளியின் கணக்கு. மருந்தில்லாமல் கிருமியை அடக்கி வைத்திருப்பது டி செல்; வயிறு காய்ந்தால் தைமஸும் சுருங்கும், டி செல்லும் குறையும். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை 10,345 குடும்பத்தாரிடம் நடந்த ஆய்வில், மாதா மாதம் கூடுதல் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வாங்கிய வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசி, பருப்பு, சத்து மாத்திரை, வேறொன்றும் இல்லை. பல தடுப்பூசி ஆய்வாளர்கள் இந்த எண்ணுக்கு ஏங்குவார்கள்.

"அப்ப பொண்ணுக்கும் சாப்பாடுதான் முக்கியம்கிறீங்க."

மாத்திரையும் வேண்டும் என்றேன். 12 வாரம், ஒன்றுகூட விடாமல். அவளுக்கு மட்டும் முட்டை வாங்கினால் போதாது. அந்த வீட்டில் சாப்பிடுகிற எல்லோருக்கும் பருப்பு கூட வேண்டும். அப்பாவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது, அதைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அதே ஜார்க்கண்ட் ஆய்வில், மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

"எடை எவ்வளவு இருக்காரு?"

"நாப்பது இருப்பான் சார். காத்தடிச்சா பறந்துடுவான்."

"அப்ப ரெண்டு கிலோ. ரெண்டு மாசத்துல ஏறுதான்னு பாருங்க. ஏறலைன்னா டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க. மாத்திரையை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க."